கொன்றைநகரின் கடிதத் தலைப்பு

மல்லாவியில் நான் கணினியில் தட்டச்சு வேலை பார்த்த கடைக்குப் பக்கத்து ஊர் மாதர் சங்கத் தலைவி முதன்முதலாகக் கொண்டுவந்தது, கொப்பியிலிருந்து கிழித்த இரண்டு தாள்கள். ஊருக்கு பஸ் கேட்டுப் போக்குவரத்துச் சபைக்கு எழுதிய கடிதம். அவர்களுடைய பிள்ளைகள் யானை நடமாடும் காட்டுப்பாதையால் பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். நான்கு முறை அனுப்பியும் பதில் இல்லையாம்.

"கொப்பித் தாளில எழுதினா ஆர் மதிக்கிறது, தங்கச்சி? மேல பேர் போட்டு வடிவா அடிச்சுத் தாங்கோ. சங்கத்தின்ட பேரைவிட ஊரின்ட பேர் பெரிசா இருக்கோணும்" என்றார்.

மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் மகள் அவர். அவர்கள் தங்கள் ஊருக்குக் கொன்றைநகர் என்று பேர் வைத்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் நாங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'தோட்டக்காட்டாக்களின்ட பக்கம்' என்று இளக்காரமாகச் சொல்வோம். நானும் அப்படிச் சொல்லி வளர்ந்தவள்தான். அந்தப் பேரைத் தட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

கடிதத் தலைப்பு அமைக்க எனக்கு அப்போது சரியாகத் தெரியாது. மேல் ஓரத்தில் பேரைப் போட்டால் இரண்டாம் பக்கத்திலும் அதுவே வந்து நின்றது. "ஒருக்காச் சொன்னாக் காணும், தங்கச்சி. ரெண்டாந்தரம் சொன்னா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்" என்று சிரித்தார். அங்கே அழித்தால் இங்கேயும் அழிந்தது. கடைசியில், முதற்பக்கத்தை மட்டும் வேறாக வைக்கும் சிறிய கட்டம் ஒன்றைக் கண்டுபிடித்துக் குறியிட்டேன். முதற்பக்கப் பேர் மறைந்து, இரண்டாம் பக்கத்தில் மட்டும் நின்றது. "ஐயோ, எங்கட ஊர் எங்கை?" என்று நெஞ்சில் கை வைத்துவிட்டார். முதற்பக்கத்தில் திரும்பத் தட்டி, மற்றதை அழித்தபோதுதான் மூச்சு விட்டார். இன்று வவுனியாவில் ஓர் அலுவலகத்தில் அந்தக் கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறேன். தொடும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கும்.

இரண்டு மாதத்தின் பின் அவர் சபையின் பதில் வந்த கடித உறையோடு வந்தார். உள்ளே இருந்ததைக் காட்டுவதற்கு முன், உறையின் மேலிருந்த விலாசத்தை விரல் வைத்து வாசித்தார். கொன்றைநகர் என்றே எழுதியிருந்தார்கள். அடுத்த பள்ளித் தவணையிலிருந்து பஸ் வருமாம்.

"இப்ப நன்றி சொல்லி ஒண்டு அடிச்சுத் தாங்கோ. அதே தலைப்போட."

மூன்று வரிதான் வந்தது. முழுத்தாளில் அது தனியாகத் தெரிந்ததால், அரைத்தாளில் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், தங்கச்சி. கேக்கேக்க ரெண்டு பக்கம் எழுதினனாங்கள். நன்றி சொல்லேக்க தாளை மிச்சம் பிடிக்கலாமோ?"