சாவுக்கு அடிக்கும் தப்பு

போன வருடம் மாசி மாதம் நடந்தது இது. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். நான் கொழுந்து பறிப்பவள். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து, இடது பக்கம் விழுந்து, அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. கக்கூஸுக்குப் போகக்கூட என் தோள் வேண்டும். அந்த வெட்கத்தில் முற்றத்துப் பக்கம் தலைகாட்டவே மாட்டார். இனி மூலையில்தான் கிடப்பாரோ என்று எனக்குப் பயம்.

தரையில் கோடு போட்டு அதைத் தாண்டி நடக்க விடச் சொன்னார், ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மிஸ். கூடவே ஒரு சத்தம் சீராகக் கேட்டால் கால் அதைப் பிடித்துக்கொண்டு வருமாம். நானும் இஸ்தோப்பில், முன் திண்ணையில், சாக்கட்டியால் கோடு போட்டுக் கை தட்டினேன். "கொழுந்து பறிக்கிற வேகத்துல தட்டுற நீ" என்று எரிந்து விழுவார். கோபம் வந்துவிட்டால் அன்றைய பயிற்சி அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய கூட்டாளி பார்க்க வந்தார். திருவிழாவானாலும் சாவானாலும் தோட்டத்தில் தப்புப் பறை அடிப்பவர் அவர்தான். என் புலம்பலைக் கேட்டவர், போய்த் தப்பை எடுத்து வந்துவிட்டார். முதலில் காமன் கூத்துக்கு அடிப்பது போல வேகமாக அடித்தார். இவர் கால் திணறியது. வேகத்தைக் குறைத்தார், இன்னும் குறைத்தார். ஒரு கட்டத்தில் இடது கால் தானாக எழும்பிக் கோட்டைத் தாண்டியது. அடுத்த கோடு. அதற்கடுத்த கோடு. எனக்குத் தாங்கவில்லை, வாய்விட்டு அழுதுவிட்டேன்.

அது பாடைக்கு முன்னால் அடிக்கிற அடி என்பது மூன்று பேருக்கும் உறைக்கவே இல்லை. எத்தனையோ சாவில் அந்த அடிக்கு நடந்த கால் அது. ஆனால் தப்புச் சத்தமும் என் அழுகையும் சேர்ந்து கேட்டால் லயத்து ஜனம் என்ன நினைக்கும்?

பத்து நிமிடத்தில் மேல் லயமும் கீழ் லயமும் ஓடி வந்துவிட்டன. ஒருவர் தலவாக்கலையில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களுக்குப் போனே போட்டுவிட்டார். வேலித் தகராறில் ஒரு வருடமாக எங்களோடு பேசாத பக்கத்து லயத்து அக்கா, மாரில் அடித்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார். செத்தவர் இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தார்.

கூட்டாளி திகைத்து அடிப்பதை நிறுத்தப் போனார்.

"அடி மச்சான், நிறுத்துனா விழுந்துருவேன்" என்றார் இவர்.

தப்பு மறுபடி கேட்டது. வந்த ஜனமும் மெல்லக் கை தட்டத் தொடங்கியது. இவர் படி இறங்கி, கோடே இல்லாத முற்றத்தில் எட்டு அடி நடந்து, அந்த அக்காவுக்கு முன்னால் போய் நின்றார். "அழ வந்தது வந்துட்டீங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அக்கா அழுத கண்ணோடு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதில் வேலித் தகராறு அன்றோடு முடிந்தது. வீட்டில் இருந்த சீனியும்தான்.

மத்தியானம் தலவாக்கலைச் சொந்தக்காரர்கள் மாலையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வாசல்வரை நடந்து போய், மாலையை இவரே கையில் வாங்கிக்கொண்டார்.

இப்போது ஒரு தடியோடு தனியாகவே கடைக்குப் போய் வருகிறார். எங்கேயாவது சாவுக்குத் தப்பு கேட்டால் போனவரை நினைத்துக் கும்பிடுகிறேன். ஊரில் எல்லா வீட்டிலும் ஆளைக் கொண்டுபோகிற அந்தச் சத்தம், என் வீட்டில் மட்டும் ஆளைத் திருப்பிக் கொடுத்ததே என்று இன்னொரு தடவையும் கும்பிடுகிறேன்.