என் முழங்கை நடித்த படம்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரமப்பட வேண்டாம். பாவூர்சத்திரத்தில் சொட்டுநீர்க் குழாய் விற்கிற எனக்கு, யாரும் பார்க்காத படங்களைத் தேடிப் பார்த்து அபிப்பிராயம் சொல்லும் வியாதி உண்டு. பெரிய நடிகர் படத்துக்குக் கருத்துச் சொல்ல ஊரே இருக்கிறது. குளத்தில் எருமை படுத்திருப்பதையே ஒன்றரை மணி நேரம் காட்டும் படத்துக்கு யார் இருக்கிறார்கள்? நான் இருக்கிறேன். ‘எருமை இயல்பாக நடித்திருக்கிறது, பிற்பாதியில் மட்டும் கொஞ்சம் தொய்வு’ என்று முகநூலில் எழுதினேன். படத்தை எடுத்தவரே வந்து நன்றி சொல்லிவிட்டார். அதோடு தலை கனத்துப் போயிற்று. உப்பளத்துப் பெண்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தில், அவர்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் பின்னால் வயலின் அழுதது. அந்த அம்மாக்கள் என்னவோ சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். ‘வயலினுக்கு என்ன கஷ்டமோ’ என்று எழுதினேன். எட்டு லைக் விழுந்தது. அதில் ஒன்று என் மைத்துனருடையது.

இந்த வியாதி தொற்றிய இடம் குற்றாலம். எனக்குப் பத்து வயது இருக்கும். நானே ஓர் ஆவணப்படத்தில் கதாநாயகனாக நடித்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தருவிக்குப் போகிற சாலையில் எங்கள் வீடு. சாரல் விழத் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் வீடு வைத்திருக்கிறவர்கள் பலரும் செய்வதை அப்பாவும் செய்வார். சாமான்களைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பின்னால் இருக்கிற தகரக் கூரை போட்ட சாய்ப்புக்குள் போய்விடுவோம். முன்னால் இருக்கிற முழு வீடும் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்குப் போகும். சீசன் முடிந்து அருவி இளைத்த பிறகுதான் திரும்ப உள்ளே போவோம். எனக்கு அது வருஷா வருஷம் வருகிற திருவிழா. மதுரைப் பையன்களோடு பந்து விளையாடலாம், யாராவது நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போவார்கள். ராத்திரி தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் சித்தப்பா சொல்லும் பேய்க்கதைகூடக் காதில் விழாது.

அம்மாவுக்கு அப்படி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஏனென்றால் ஒவ்வொரு வருஷமும் அவள் அப்பாவிடம் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்பாள். வீட்டை விடுங்கள், பீரோ இருக்கிற உள் ரூமை மட்டும் விடாதீர்கள், அதைப் பூட்டி நான் வைத்துக்கொள்கிறேன் என்பாள். உள் ரூம் இல்லாத வீட்டை எவன் எடுப்பான் என்பார் அப்பா. அடுத்த வருஷம் பார்ப்போம் என்பார். அந்த அடுத்த வருஷம் எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவேயில்லை.

எனக்குப் பத்து வயதான அந்த வருஷம், ஆவணி மாதம், கூட்டம் குறைந்த நேரத்தில், சென்னையிலிருந்து ஒரு அக்காவும் கேமரா தூக்கிக்கொண்டு ஒரு அண்ணனும் வீட்டை எடுத்தார்கள். குற்றாலத்தில் சீசன் எப்படி நடக்கிறது என்று படம் பிடிக்க வந்திருப்பதாக டைரக்டர் அக்கா சொன்னாள். எண்ணெய் தேய்த்து விடுகிறவர்கள், பழக்கடைகள், குரங்குகள், தண்ணீர் கூடினால் விசில் ஊதி எல்லாரையும் விரட்டும் போலீஸ், எல்லாம் வேண்டுமாம். ஹீரோ யார் என்று கேட்டேன். அப்படி யாரும் கிடையாது என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. அந்தக் குறையை நானே தீர்த்து வைப்பதென்று முடிவு செய்தேன்.

தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, கேமரா போகிற இடமெல்லாம் போனேன். குரங்கை எடுத்தால் குரங்குக்குப் பக்கத்தில் நின்றேன். எண்ணெய் தேய்க்கிறவரை எடுத்தால் குப்புறப் படுத்துக் காட்டினேன். பாறையிலிருந்து ஓடைக்குள் திரும்பத் திரும்பக் குதித்தேன். “தம்பி, கேமராவைப் பார்க்காத” என்று கேமரா அண்ணன் கெஞ்சிக்கொண்டே இருந்தான். பார்க்காமல் குதித்தால் ஜனங்களுக்கு நான்தான் என்று எப்படித் தெரியும்? தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கும்போதுகூடக் கேமராவைப் பார்த்துத்தான் தூக்கினேன். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. வீட்டு வாசலில் ‘ரூம் வாடகைக்கு’ போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, போன் நம்பர் தெளிவாகத் தெரிகிற மாதிரி எடுக்கும்படி தினமும் நினைவுபடுத்தினார். படம் வெளியே வந்தால் அடுத்த சீசனுக்கு மெட்ராஸே வந்து இறங்கும் என்று அவருக்குக் கணக்கு.

கார்த்திகை வாக்கில் அக்கா படத்தை ஒரு குறுந்தட்டில் போட்டுக் கொண்டுவந்தாள். படத்தில் வருகிறவர்களுக்குத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பது அவள் கொள்கை. சித்தப்பா தென்காசியில் கல்யாண வீடியோ எடுக்கிறவர். அவருடைய புரொஜெக்டரை வைத்து, தென்காசியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் மாலை ஆறு மணிக்குப் படம் என்று முடிவானது. அப்பா, வீடு வாடகைக்கு விடுகிற அத்தனை பேரையும் முன்வரிசையில் உட்கார வைத்தார். நான் என் வகுப்பில் பாதியை அழைத்து வந்திருந்தேன்.

படம் ஆரம்பித்தது. பாட்டு இல்லை. பேர் போடும்போது சத்தம்கூட இல்லை. கொடியில் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்தது, காய்ந்தது, காய்ந்துகொண்டேயிருந்தது.

“நின்னுட்டோ?” என்று சிப்ஸ் கடை அண்ணாச்சி சித்தப்பாவைக் கேட்டார்.

“இல்ல அண்ணாச்சி, ஓடுது. அந்தா பாருங்க, துண்டு அசையுது.”

அதற்குப் பிறகு மண்டபமே கருத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. படம் நல்லாத்தான் இருக்கிறது, கதையைத்தான் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றார் ஒருவர். அருவியைக் காட்டினால் ஒரு குளிக்கிற பாட்டு வைக்க வேண்டாமா என்றார் இன்னொருவர். எண்ணெய் தேய்க்கிறவர் திரையில் தன் கை வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, கீழே உட்கார்ந்திருந்த அதே மனிதர், நிஜத்தில் வலி இன்னும் அதிகம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவின் போர்டு வந்தது. ரோட்டில் தேங்கிய மழைத் தண்ணீருக்குள், தலைகீழாக, ஒரு கண்சிமிட்டலுக்கு வந்து போயிற்று. நம்பரைப் படிக்க அப்பா தலையைச் சாய்ப்பதற்குள் ஆட்டோ ஒன்று அதன்மேல் ஏறிப் போய்விட்டது.

நான் வரவேயில்லை. ஓடை வந்தது, பாறை வந்தது, குரங்கும் வந்தது. குரங்குக்குப் பக்கத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. தீபாவளிச் சட்டையின் ஓரத்தை வைத்து அது என்னுடையதுதான் என்று கண்டுபிடித்தேன்.

“ஏலே, நீ எப்பம்ல வருவ?” என்றான் பக்கத்தில் இருந்த என் கூட்டாளி.

“இனிமத்தாம்ல,” என்றேன். நெஞ்சுக்குள் யாரோ அருவித் தண்ணீரை மொத்தமாகத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் திரையில் எங்கள் சாய்ப்பு வந்தது. மிகவும் தாழ்வாக, தரையோடு தரையாக ஒரு காட்சி. ஒரு ஓரத்தை அரிசி மூட்டை மறைத்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் அம்மா பக்கவாட்டில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், திறந்திருந்த கதவு வழியே, எங்கள் வீட்டுப் பின்வாசல் தெரிந்தது. யாரிடம் பேசுகிறாள் என்று தெரியவில்லை. காயைப் பார்த்தபடியே பேசினாள்.

“என் வீட்டு வாசல்ல நின்னு, உள்ள வரலாமான்னு நான் கேக்கணும். பீரோவுலதான என் சேலை இருக்கு. அவுக உள்ள படுத்திருப்பாக. போன வருசம் ஒரு அம்மா, போவும்போது பழைய சேலை ஒண்ணக் கையில குடுத்து, ‘கட்டிக்கோ, வீட்டுக்காரங்க ஒனக்கு ஒழுங்காச் சம்பளம் குடுக்காங்களா’ன்னு கேட்டா. இவுக பக்கத்துலதான் நின்னாக. நான் ஆருன்னு சொல்லல. வாங்கிக்கோன்னு கண்ணக் காமிச்சாக.”

கத்தி நின்றது. அம்மா தலையைத் தூக்கி, சாய்ப்புக்குக் குறுக்கே திரைச்சீலையாகத் தொங்கிக்கொண்டிருந்த பூப்போட்ட சேலையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அடுத்த பீன்ஸை எடுத்தாள்.

அந்தச் சேலையை எனக்கு நன்றாகத் தெரியும். அதில் முகம் துடைத்திருக்கிறேன். யாரோ அன்பாகக் கொடுத்தது என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள்.

படம் அங்கிருந்து மறுபடி அருவிக்குப் போயிற்று. செந்நிறத் தண்ணீர் வெகுநேரம் கொட்டியது. இந்தத் தடவை யாரும் நின்றுவிட்டதா என்று கேட்கவில்லை. முன்வரிசையில் ஒரு தலையும் திரும்பவில்லை. வீடு விடுகிறவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டுச் சாய்ப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. அப்பாவின் கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. அது மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் திரும்பி அம்மாவைத் தேடினேன். பெண்கள் பக்கத்தில், கடைசி நாற்காலியில், சோறு வெந்துவிட்டதா என்று பார்க்கிற முகத்தோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லைட் போட்டார்கள். கைதட்டு ஒன்றிரண்டு எழுந்து, துணையில்லாமல் அடங்கியது. சிப்ஸ் கடை அண்ணாச்சிதான் முதலில் வாயைத் திறந்தார். “பாவம், அந்தப் புள்ளைக்குத் தெரியாம எடுத்துட்டானுவ.” உடனே மண்டபத்துக்கே மூச்சு வந்தது. அதுதானே, மூட்டைக்குப் பின்னால் கேமராவை ஒளித்து வைத்திருக்கிறார்கள், பொம்பளை தனியாகப் புலம்பினதைத் திருடியிருக்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அப்பாவுக்கும் நிற்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. டைரக்டர் அக்காவிடம் போய், ஒரு குடும்பத்துக்குள் நுழைந்து திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதுதான் படிப்பா என்று கேட்டார்.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அந்தப் பக்கமாகத் திரும்பி, நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அக்கா அப்பா பக்கம் திரும்பி, “மன்னிச்சிடுங்க சார். எங்க தப்புதான்,” என்றாள். கேமரா அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். என் முழங்கைக்கும் சேர்த்துத்தான் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறு வருஷம் சீசனில் உள் ரூம் கதவில் பூட்டு தொங்கியது. சாவி அம்மாவின் இடுப்பில். கேட்டவர்களிடமெல்லாம், மேலே தண்ணீர் ஒழுகுகிறது, ரிப்பேர் என்றார் அப்பா. அந்த ரிப்பேர் இன்றுவரை முடியவில்லை. வாடகை குறைந்துபோனதற்கு அந்தச் சினிமாக்காரர்கள்தான் காரணம் என்று வீட்டில் திட்டிக்கொண்டேயிருப்போம். அதிகம் திட்டியது நான்.

போன மாதம் அந்தப் படம் இணையத்தில் தட்டுப்பட்டது. மறுபடி பார்த்தேன். துணி காய்கிற இடம் இப்போது பிடித்திருந்தது, வயசாகிவிட்டது. முழங்கை இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சாய்ப்புக் காட்சி வந்ததும் ரத்தம் கொதித்தது. உட்கார்ந்து நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். சம்மதம் இல்லாமல் எளியவர்களின் வாழ்க்கையைத் திருடும் ஆவணப்படக்காரர்கள் என்று தலைப்பு. ‘ஏதுமறியாத என் தாயின் கண்ணீர்’ என்று ஒரு வரியும் வைத்தேன். அம்மா அதில் அழவே இல்லை, ஆனால் கட்டுரைக்குக் கண்ணீர் தேவைப்பட்டது. எட்டைத் தாண்டி லைக்குகள் குவிந்தன. முன்பின் தெரியாதவர்கள் அம்மாவுக்காகக் கொந்தளித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் போய், உள் ரூமில் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கண்ணீர் வரி வந்தபோது மட்டும் புருவம் லேசாக உயர்ந்தது. வெளியே வாசலில் அப்பா, கேரளாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம் உள் ரூமில் தண்ணீர் ஒழுகுகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசித்து முடித்து, அந்த அக்கா செய்தது அநியாயம்தானே அம்மா என்று கேட்டேன்.

அம்மா வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“மூட்டைக்குப் பின்னால வைக்கச் சொன்னதே நாந்தாம்ல.”