வாய் திறக்காத பிள்ளைகள்

இறம்பொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை நான் ஒருத்திதான் டீச்சர். எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன், பயிற்சி கிடையாது. என்னைப் போன்றவர்கள் ஆய்வாளர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், தேறினால்தான் வேலை நிலைக்கும் என்று உத்தரவு வந்தது.

அதற்காகச் சனிக்கிழமைகளில் நுவரெலியாவில் வகுப்பு. குளிரில் விறைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். "நீங்கள் கொஞ்சம் பேச வேண்டும், பிள்ளைகள் நிறையப் பேச வேண்டும்." அங்கே சொல்லித்தந்ததன் சாரம் அவ்வளவுதான். அப்படியே செய்தேன். சில மாதங்களில் வகுப்பு சந்தைக்கடை ஆனது. கேட்டதற்கும் பதில், கேட்காததற்கும் பதில்.

ஆய்வாளர் வந்த அன்று அருவியைப் பற்றிய பாடம். கோட்டு, தொப்பி, பளபளக்கும் சப்பாத்து. கூடவே தோட்டத்துத் துரையும் வந்து நின்றார். பிள்ளைகள் எழுந்தார்கள். விடியற்காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது தாய் தகப்பன் நிற்பார்களே, அதேபோல வரிசையாகத் தலை குனிந்து நின்றார்கள். துரை முன்னால் வாய் திறக்கக் கூடாது என்பது, லயத்து வரிசை வீடுகளில் பிறக்கிற பிள்ளைகள் பால்குடி மறக்கும் முன்பே கற்றுவிடுகிற பாடம். நுவரெலியாவில் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

"இந்த அருவித் தண்ணி எங்கை போகுது? சொல்லுங்கோ பாப்பம்" என்றார் யாழ்ப்பாணத்து ஆய்வாளர்.

சத்தமில்லை. எங்கள் பேச்சில் நான் கேட்டுப் பார்த்தேன். "எங்க போகுது? நேத்துகூடச் சொன்னீங்கல்ல?" கெஞ்சாத குறைதான். ஒரு பிள்ளையும் அசையவில்லை.

"ஒண்டும் படிப்பிக்கேல்லைப் போல" என்று சொல்லிவிட்டு அவர் தொப்பியை எடுத்தார்.

கார் வளைவில் இறங்கிச் சத்தம் அடங்கியதும், முன்வரிசையில் நின்ற சிறுமி, "கொத்மலை ஓயாவுக்கு டீச்சர், அப்புறம் மகாவலிக்கு" என்றாள்.

"ஒக்காருங்க" என்றேன். அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. கரும்பலகையைத் துடைத்தேன்.

வேலை போயிற்று. பயிற்சி பெற்ற வாத்தியார் ஒருவர் வெளியூரிலிருந்து வந்தார். என்னைப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போட்டார்கள். முதல் நாள் காலை, கொழுந்தெடுக்கப் போகிற வழியில் குழந்தையை விட வந்தவள் அந்தச் சிறுமியின் தாய். முகம் நிறையச் சிரிப்பு.

"டீச்சரம்மா, அன்னைக்கு அம்புட்டு நேரமும் ஒரு புள்ளகூட வாயத் தொறக்கலையாமே! தொரையே கங்காணிகிட்டச் சொன்னாராம். நல்லா வளத்திருக்கீங்க. இந்தச் சின்னதையும் அப்படியே வளத்து விடுங்க."

குழந்தையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.