நொச்சித் தழை கிடந்த பானை

என்னைத் தாராளமான ஆள் என்பார்கள். டீக்கடையில் எல்லாருக்கும் நானே டீ சொல்லிவிடுவேன். திருக்கோவிலூரில் பழைய பேப்பர் கடையில் மூட்டை பிரித்த நாட்களில், எடைக்கு வந்த கிழிந்த அகராதி ஒன்றில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். தாரையிலிருந்து வந்தது என்று போட்டிருந்தது. தானம் கொடுக்கும்போது அறாமல் வார்க்கிற நீர்தான் தாரை. கொடை, அளவில்லாத செலவு, இரண்டுமே பொருளாம். பெருமையாக இருந்தது. யாருடைய செம்பிலிருந்து வார்ப்பது என்று நான் யோசிக்கவில்லை.

அந்தப் பங்குனியில் கல்வராயன் மலையில் புளி உலுக்கப் போனோம், நான்கு பேர். திடீரென மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்று இருந்தது. முந்தின வருஷம் காய்ச்சலில் விழுந்தபோது கஞ்சி ஊற்றிய அக்காவின் வீடு. அவள் புருஷன் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போயிருந்தார்.

"வாங்கடா, நம்ம வூடுதான்" என்று கூட்டிப்போனேன்.

"இன்னாடா, மலை மேலகூட மாமியார் வூடு வச்சிகினு இருக்கியா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தோம். பின்பக்கம் உலக்கைச் சத்தம் கேட்டது.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. "இன்னும் போட்டுக்கோங்கடா, தாராளமா துன்னுங்க" என்று நானே சட்டியை நகர்த்தினேன். சட்டி காலியானது.

கை கழுவப் பின்பக்கம் போனேன். உரலருகே காலிப் பானை சாய்ந்து கிடந்தது. சுற்றிலும் காய்ந்த நொச்சித் தழை. அந்த மலையில் பூச்சி வராமலிருக்க விதைக்குத்தான் நொச்சி போடுவார்கள், தின்கிற தானியத்துக்குப் போடமாட்டார்கள்.

"அக்கா, வெதையா?"

"வேற இல்ல தம்பி. நாலு பேர இட்டாந்துட்ட. வந்தவங்கள எப்புடி வெறும் வயித்தோட அனுப்புறது?"

"ஆடிக்குள்ள வெத நான் கொண்டாறேன்கா. நீ கவலப்படாத."

அவள் நம்பினாள். வரப்போகிற விதைக்காகப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்தேன்.

ஆடியில் மலை மீது நல்ல மழை. நான் கச்சிராயபாளையத்தில் கரும்பில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தேன். கையில் கூலி இருந்தது, டீக்கடையில் எல்லாருக்கும் நானே சொன்னேன். மலைக்குப் போகிற பஸ் தினமும் அந்தக் கடைமுன் நின்றுதான் போனது. அது வரும் நேரத்துக்கு நான் உள்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.