ஹௌரா ஸ்டேஷனில் வாங்காத சந்தேஷ்

குஞ்சு, நாம் கல்கத்தா போய்வந்ததை எழுதச் சொல்லி உன் மாமா ஒரே வற்புறுத்தல். சீக்குக் குழந்தையோடு கிளம்புகிற தாய்மாருக்கு உதவுமாம். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். தெரிந்தவரை எழுதுகிறேன்.

மாசி மாதம் புறப்பட்டோம். உனக்கு ஐந்து வயது, ஈரலில் கட்டி. கல்கத்தாவில் பெரிய டாக்டர் இருக்கிறார் என்று சென்னையில் சொன்னார்கள். மெயில் வண்டியில் இரண்டு ராத்திரி. போகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சில்கா ஏரி அந்தப் பக்கம்தான் வரும். அங்கே பறவைகளைப் பார்த்து நீ வலியை மறந்தாய்.

ஹௌராவில் உன் மாமா, என் அண்ணன், குதிரை வண்டியோடு நின்றார். "வாங்க மகாராணி, பல்லக்கு ரெடி!" என்றதும் சிரித்தாய். கப்பல் போவதற்காகப் பாலத்தைத் திறந்திருந்தார்கள். வெகுநேரம் காத்திருந்துதான் கார்டன் ரீச்சில் அவர் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் டாக்டர் உன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அண்ணனிடம் இங்கிலீஷில் பேசினார். நீ என் தோளில் தூங்கினபிறகு அண்ணன் சொன்னார்.

"கத்தி வச்சா ரத்தம் நிக்காதாம் புவனா. மருந்தும் இல்லியாம். இந்தக் கட்டி வந்து பொழச்ச குழந்தைய அவர் பாத்ததே இல்லியாம். ஆசப்பட்டதக் குடுக்கச் சொல்றாரு."

"பத்தியம் இருந்தாக் கட்டி கரையும்னு நம்ம வைத்தியர் சொன்னாரே?"

உனக்கு உப்பில்லாக் கஞ்சி கொடுப்பதை நான் விடவில்லை.

ஊர் திரும்ப ஹௌரா வந்தோம். அண்ணனும் துணைக்கு வந்தார். தட்டில் சந்தேஷ் என்கிற பால் இனிப்பு வைத்திருந்தவன் உன்னைப் பார்த்து, "நாவ் குக்கி, நாவ்" என்று, எடுத்துக்கோ பாப்பா என்கிற மாதிரி, ஒன்றை நீட்டினான். நீ என் முந்தானையை இழுத்தாய்.

"வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடறேம்மா."

"ஒடம்பு தேறட்டும், கூடை நெறைய வாங்கித் தரேன்."

"குடேன் புவனா," என்றார் அண்ணன். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விடியும்போது சில்கா வந்தது. பறவையைக் காட்டலாம் என்று எழுப்பினேன். நீ எழுந்திருக்கவில்லை.

போகிறவர்களே, பாலம் திறக்கும் நேரத்தை முன்பே கேட்டுவையுங்கள். குழந்தைக்குக் காய்ச்சின தண்ணீர் கொண்டுபோங்கள். குழந்தை கேட்டதைக் கொடு என்று பெரிய டாக்டர் சொன்னால் கொடுத்துவிடுங்கள், பத்தியம் பார்க்காதீர்கள்.

துப்பிவிடுகிறேன் என்றாயே குஞ்சு, நிஜமாகவே துப்பியிருப்பாயாடி?