கால் சுளுக்கி வந்த விருந்தாளி

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் போராட்டம் நடந்த சமயம் அது. நாங்கள் தியாகதுருகத்தில், மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்குக் கல்வராயன் மலையில் அரசாங்க வேலை. சனிக்கிழமை இறங்கி வருவார், திங்கட்கிழமை ஏறிவிடுவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் மூன்று வயது மகளும்தான்.

என் குடித்தன லட்சணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாத்திரம் தேய்க்க உட்காருவேன். சாம்பல் எடுக்கப் போவேன். போகிற வழியில் கொடியில் துணி காய்ந்திருக்கும். அதை எடுத்து மடிக்கும்போது பட்டன் அறுந்த சட்டை கண்ணில் படும். ஊசி தேடிப் பெட்டியைத் திறந்தால் கல்யாண போட்டோ கிடைக்கும். அப்புறம் பொழுது சாய்ந்துவிடும். பாத்திரம் அப்படியே கிடக்கும். ஊறவைத்த துணி மூன்றாம் நாள் வாடை அடித்து, தான் இருப்பதைத் தானே ஞாபகப்படுத்தும். சோம்பேறி என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் சோம்பேறி என்றால் சும்மாவாவது உட்கார்ந்திருப்பாள் இல்லையா? எனக்கோ இடுப்பு ஒடிய ஓடியும் ஒரு வேலைகூட முடியாது.

ஒருநாள் பால்வாடியிலிருந்து குழந்தையைக் கூட்டி வர மறந்தே போய்விட்டேன். பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கென்று பார்த்து ரிஷிவந்தியத்திலிருந்து வந்த மாமியார், பூட்டிய பால்வாடி வாசலில் பேத்தி தனியாக உட்கார்ந்து அழுவதைப் பார்த்துவிட்டார். அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குழந்தையின் துணிகளை மூட்டை கட்டினார்.

“வூட்ட வூடா வச்சிக்கினு இருந்தா கொழந்தய இட்டாறேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்து பாக்கறேன்.”

சொன்னபடியே இரண்டு வெள்ளிக்கிழமை வந்தார். அடுப்படியை எட்டிப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். இரண்டாவது முறை போகும்போது, “வர்ற வெள்ளியும் இப்டியே இருந்தா, பள்ளிக்கூடம் சேக்கற வரைக்கும் புள்ள என்கிட்டதான்” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரிதானே என்று நினைத்து நினைத்துத்தான் அழுதேன்.

அந்த வாரம் புதன்கிழமை காலையில் ரோட்டில் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த பஸ் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. ஆட்கள் இறங்கி ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள். என் வயதுள்ள ஒரு பெண் மட்டும் புளி மூட்டையோடு மரத்தைத் தாண்டப் போய், கால் பிசகி, நொண்டிக்கொண்டே வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தார். மலையிலிருந்து உளுந்தூர்பேட்டைப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போகிறாராம். கணுக்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது.

உள்ளே வாங்க என்று சொன்ன பிறகுதான், உள்ளே உட்கார இடமில்லை என்பது எனக்கு உறைத்தது. துணிக்குவியலைக் காலால் ஒதுக்கி இடம் பண்ணினேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை.

“சும்மா குந்தினு இருந்தா கால் ஜாஸ்தி வலிக்குதுக்கா. சுத்தி இருந்தா குடுங்க, புளியாவது தட்டறேன்.”

சுத்தியல் அரிசிப் பானைக்குள் இருந்தது. கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அது எப்படி அங்கே போனது என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை போன பிறகு அன்றுதான் சிரித்தேன்.

பின்கட்டில் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுக்க ஆரம்பித்தவர், அடுப்படியில் நான் அல்லாடுவதைப் பார்த்து, “ஏங்க்கா, அந்த ஏனத்தயெல்லாம் இங்க எத்தினு வாங்களேன். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினு செய்யலாம்” என்றார். எல்லாப் பாத்திரத்தையும் அவர் எதிரில் கொண்டுபோய்க் கொட்டினேன். அவர் தட்ட, நான் தேய்த்தேன். நடுவில் எதற்கோ எழுந்தேன். “எங்க போறீங்க? போறதுனா கையில கீற நாரோட போங்க” என்றார். தேங்காய் நாரும் சாம்பலுமாக வாசல்வரை போனேன். போனவள் கையைப் பார்த்தேன், அடடா என்று திரும்பி வந்தேன். அன்று மதியத்துக்குள் அத்தனை பாத்திரத்தையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை.

பஸ் ஓடவில்லை, அவர் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். வியாழக்கிழமை துணி, தரை, ஒட்டடை. பாயை இழுத்து இழுத்துப் போட்டு, நான் இருக்கும் இடத்துக்கெல்லாம் அவரையும் புளியையும் நகர்த்தினேன். அன்று வெட்கத்தை விட்டு, என் புத்தி ஒரு இடத்தில் நிற்பதில்லை, அதனால்தான் குழந்தை என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

“எங்க ஊர்ல யாருக்கா ஒண்டியா புளி தட்டறாங்க? ஒருத்தி வூட்டு வாசல்ல பத்து பேரு கூடிக்குவோம். அவங்கவங்க புளி, அவங்கவங்க சுத்தி. ஒண்டியா உட்டா நானும்தான் பாதில எழுந்து பூடுவேன்” என்றார். இதில் என்ன அதிசயம் என்பது போல் அடுத்த புளியை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை பஸ் இல்லை, மாமியார் வரமாட்டார் என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு உள்பாதை வழியாக ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. மாமியார், அவர் இடுப்பில் என் மகள். அடுப்படி, கொடி, பின்கட்டு என்று ஒன்று விடாமல் பார்த்தார். அப்புறம் விருந்தாளியைப் பார்த்தார்.

“அதானே பாத்தேன். ஆளு வச்சிட்டியா?”

விருந்தாளி புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். “இந்தக் கால வச்சிக்கினு நான் இன்னாம்மா செய்வேன்? எல்லாம் உங்க மருமவதான். நான் குந்தினு இருந்ததோட சரி.”

மாமியார் குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தார். “மூட்ட புளிய பக்கத்துல வச்சிக்கினு, ஒரு பத்து போடலையா?” என்று கேட்டபடி சட்டி தேட ஆரம்பித்தார்.  வீக்கத்துக்குப் பத்துப் போட நான் முந்தின நாளே புளியும் உப்பும் கரைத்து அடுப்பில் வைத்திருந்தேன். கருகிப்போன அந்தச் சட்டியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்தும் வைத்திருந்தேன். மாமியார் கை நேராக அங்கேதான் போனது.

“இது இன்னா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் காலுக்குத்தான் வைத்தேன், மறந்துவிட்டேன் என்றேன். மகளை வாங்க நீட்டியிருந்த கையைக் கீழே போட்டுவிட்டேன்.

பின்கட்டிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. “அப்ப நான் இங்க இருந்தேன், அவங்க ஒண்டியா அடுப்பாண்ட இருந்தாங்கம்மா. ஆளு இல்லாதப்பதான் அவங்களுக்கு மறக்குது. பக்கத்துல ஒருத்தர் குந்தினா போதும், எல்லாம் செய்யறாங்க.”

மாமியார் கருகிய சட்டியையும் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுப்படிச் சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“வேற சட்டி வச்சிக் காய்ச்சு. நான் இங்கியே கீறேன்.”

முன்பெல்லாம் என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்குவார். அன்று உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். நான் காய்ச்சி இறக்கினேன். பக்குவமாக வந்தது. பத்துப் போட்டுவிட்டுத் திரும்பியபோது மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் விருந்தாளி தங்கை வீட்டுக்குப் போனார். மாமியாரும் ரிஷிவந்தியம் கிளம்பினார், தனியாக. போகும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம், அவள் காயை நறுக்க, பூவைக் கட்ட எங்கள் வீட்டுக்கே வந்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். அவளும் வந்தாள், வருஷக்கணக்காக.

என் மகளுக்கும் என் புத்திதான். சென்னையில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் ஒரு டாக்டர் கவனம் ஒரு இடத்தில் நிற்காத இந்தக் குறைக்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொல்லி, வீட்டு வேலை செய்யும்போது கூட ஒருவரை வைத்துக்கொள்ளச் சொன்னாராம். இப்போது தினமும் காலையில் வீடியோ காலைப் போட்டுவிட்டு அவள் அங்கே பாத்திரம் கழுவுகிறாள், நான் இங்கே கழுவுகிறேன். அதிகம் பேசிக்கொள்வதில்லை.

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன், என் புத்திக்கு அது ஆச்சரியமில்லை. ஆனால் என் வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் அவர் சும்மா உட்கார்ந்திருந்ததால்தான் என் மகள் என்னிடம் வளர்ந்தாள்.