பெரிய சார் இடத்துக்கு ஆள் எடுத்தது

எங்கள் கல்லூரியில் எனக்கு மார்க்கர் வேலை. வெளியூரில் அப்படிச் சொன்னால் பரீட்சைத் தாளுக்கு மார்க் போடுகிறவன் என்று நினைத்து மரியாதையாக உட்காரச் சொல்வார்கள். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவன், பந்துக்குக் காற்றடிக்கிறவன், கிழிந்த வலையைத் தைக்கிறவன் என்று விளக்கிய பிறகு யாரும் எழுந்திருக்கச் சொன்னதில்லை. அந்த மட்டில் நல்ல ஜனங்கள். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். மிச்சமெல்லாம் டீக்கடைப் பேப்பரிலும் மனுஷர் வாயிலும் படித்ததுதான். யாராவது நறுக்கென்று ஒன்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க அதைப் பத்துப் பேரிடம் சொல்லித் திரிவேன். நானும் அப்படி நறுக்கென்று பேசப் பார்ப்பேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் பாஸ்கெட்பால் டீமை உண்டாக்கியவர் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். பையன்களுக்கும் ஊருக்கும் அவர் பெரிய சார். எங்களுடையது களிமண் தரை. பீங்கான் கம்பெனிகளில் கழித்துப்போட்ட உடைசலை லாரியில் கொண்டுவந்து அடியில் கொட்டி, மேலே மண் போட்டுத் திமிசு அடித்துக் கெட்டியாக்கியிருந்தார். ராத்திரி எவ்வளவு மழை பெய்தாலும் விடிந்தால் தரை காய்ந்திருக்கும். அந்தத் தரையில் ஓடிய பையன்கள் சென்னைக் கல்லூரிகளை அவர்கள் இடத்திலேயே போய்த் தோற்கடித்துவிட்டு வந்தார்கள். சிலருக்கு ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைத்தது. ஜங்ஷனில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர், தலை நரைத்த பிறகும், பெரிய சாரைப் பார்த்தால் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார்.

பெரிய சார் விசில் ஊத மாட்டார். ஒரே ஒரு கைதட்டல்தான். நடுக்கோடு வந்து முடிகிற இடத்தில், வேப்பமரத்தடியில், அவருக்கு ஓர் இரும்பு நாற்காலி. நாலரை மணிக்கு நான் அதைக் கொண்டுபோய்ப் போடுவேன். அவர் வந்து உட்கார்ந்து கை தட்டுவார். பிறகு ஒன்றரை மணி நேரம் இடைவேளை கிடையாது. பந்து ஓட ஆரம்பித்துவிட்டால் மைதானத்தைச் சுற்றி ஒருத்தரும் நடமாடக் கூடாது. “நீ நடந்தீன்னா அவன் கண்ணு உன் பின்னாடியே நடக்கும்” என்பார். கல்லூரிச் செயலாளர் ஒரு நாள் செல்போனில் பேசிக்கொண்டே குறுக்கே போனபோது, உட்கார்ந்த இடத்திலிருந்து உள்ளங்கையைக் காட்டினார். செயலாளர் ஆறு மணி வரைக்கும் நின்ற இடத்திலேயே நின்றார்.

சேலம் ரயில் பாதையை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலத்தில் பெரிய சார் ஓய்வு பெறும் வருஷம் வந்தது. அவர் இடத்துக்கு யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவரிடம் விளையாடிய ஒருவன் இருந்தான். தம்பி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். உடற்கல்வியில் பட்டம் வாங்கிவிட்டு, வேலை கிடைக்காமல், தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலைக்குப் போனான். வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய வெள்ளை மண்ணோடு சைக்கிளை மிதித்து மைதானத்துக்கு வந்துவிடுவான். ஒன்பது வருஷம், சம்பளமில்லாமல், பெரிய சாருக்குப் பின்னால் நின்று பையன்களைப் பழக்கினான்.

அவன் முகம் வாடுகிற நாளிலெல்லாம் நான் ஒன்று சொல்வேன். “அடுத்து நீதான் தம்பி. சுண்ணாம்புக் கோடு மாதிரி நேரா கெடக்குது உன் வழி.” எனக்கே பிடித்துப்போன வார்த்தை. அவன் பெண் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனான். நிரந்தர வேலை இல்லையே என்று பெண்ணின் அப்பா இழுத்தார். காலேஜில் அடுத்த இடம் இவருக்குத்தான், நான் அங்கேதான் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்று நான் பேசினேன். அந்தப் பேச்சின் மேல்தான் தாம்பூலம் மாற்றினார்கள். கல்யாணச் சாப்பாட்டில் எனக்கு இரண்டு தடவை பாயசம் ஊற்றினார்கள்.

செயலாளர் நினைத்தது வேறு. முறைப்படி விளம்பரம் கொடுத்தார். கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் தம்பி. இன்னொருவர் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர், மாநில அணிக்கு ஆடியவர். ஆளுக்கு ஒரு சாயங்காலம் பயிற்சி நடத்திக் காட்ட வேண்டும், அந்த இரண்டு நாளும் பெரிய சார் மைதானத்துப் பக்கம் வரக் கூடாது என்று ஏற்பாடு. என்னைக் கூப்பிட்டு, பக்கத்திலேயே இருந்து பார்த்துச் சொல்லுய்யா, உனக்குத்தான் பையன்களைத் தெரியும் என்றார் செயலாளர். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனாலும் பெரிய சார் வீட்டுக்குப் போனேன். மனுஷர் வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். தம்பிக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க சார், நீங்க சொன்னா மறுபேச்சு இருக்காது என்றேன். ஆணியை அடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

“நான் சொல்லி அவன் உக்காந்தான்னு வையி. தோத்தாலும் என்கிட்ட ஓடியாருவான், ஜெயிச்சாலும் ஓடியாருவான். அப்புறம் யாருய்யா அங்க கோச்சு?”

அவ்வளவுதான். தம்பியைப் பற்றி நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. போயிட்டு வரேன் சார் என்று வந்துவிட்டேன். வழியில் கடைத்தெருவில் தம்பியே எதிரே வந்தான். சாரைப் பார்த்தீங்களா, என்ன சொன்னாரு என்றான். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நடந்ததை எப்படிச் சொல்வது? சார் மனசில் நீதான் இருக்கிறாய், வெளியே சொல்ல மாட்டார் என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க எனக்கு வழி தெரியவில்லை.

முதல் சாயங்காலம் தம்பியுடையது. மூன்று மணிக்கே கோடு போட்டேன். நினைப்பில்லாமல், போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு தடவையும் போட்டேன். பந்துகளை எடுத்து வைத்தேன். செயலாளருக்கும் பிரின்ஸ்பாலுக்கும் எதிர்ப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நானும் அவர்கள் பின்னால் நின்றேன். தம்பி வந்தான். கை தட்டினான். பந்து ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் பார்த்தேன்: வேப்பமரத்தடியில் பெரிய சாரின் இரும்பு நாற்காலி.

நான்தான் போட்டிருக்கிறேன். நாலரை மணிக்குக் கை தானாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கிறது. போட்டதாக நினைவே இல்லை.

தம்பி அதில் உட்காரவில்லை. அவனால் எப்படி முடியும்? எடுத்து ஓரமாக வைக்கவும் இல்லை. ஒன்பது வருஷமாக எங்கே நின்றானோ அங்கேயே, அந்த நாற்காலிக்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்றான். அதே கைதட்டல், அதே மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்ப்பது. சொன்னதெல்லாம் சரியாகச் சொன்னான், ஒரு பிழை கிடையாது. ஆனால் ஒவ்வொரு கைதட்டலுக்கும் பையன்கள் திரும்பி முதலில் நாற்காலியைப் பார்த்தார்கள், பிறகுதான் அவனை. யாரோ பெரிய மனுஷர் எழுந்து போயிருக்கிறார், வரும்வரை ஒருவர் காவல் நிற்கிறார் என்பது போலிருந்தது எதிரேயிருந்து பார்க்க.

ஓடிப்போய் அதைத் தூக்கிவிடலாம். இருபது தப்படிதான். ஆனால் பந்து ஓடிக்கொண்டிருந்தது. செயலாளரையே நிற்க வைத்த மைதானத்தில் நான் எப்படி நடப்பது? இடைவேளை விட்டால் எடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். பெரிய சார் விட்டதில்லை, அதனால் தம்பியும் விடவில்லை. ஒன்றரை மணி நேரம் என் கால் தரையில் புதைந்த மாதிரி நின்றேன். அன்றைக்கு எங்கள் மைதானத்தில் அதிகம் வியர்த்தவன் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் திருச்சிக்காரர். அன்றைக்கு அந்த நாற்காலியைப் போடுவதா, வேண்டாமா? போடாவிட்டால் தம்பிக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயம் என்றாகிவிடும். போட்டேன். உண்மையைச் சொன்னால், இவரும் அதன் பின்னால் நிற்கட்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

அவர் வந்தார். துண்டை நாற்காலி முதுகில் போட்டார். ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்து ஷூ கயிற்றைக் கட்டினார். பையன்களில் ஒருவன் வாயில் கை வைத்துக்கொண்டான். பிறகு அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் மைதானத்தின் நடுவில் வைத்து, “இவன்தான் உங்கள மறிக்கிற ஆளு, சுத்தி ஓடுங்கடா பாக்கலாம்” என்றார். ஒரு நிமிஷம் யாரும் அசையவில்லை. அப்புறம் ஒருவன் ஓடினான். நாற்காலி காலில் இடித்துக்கொண்டு விழுந்தான். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர்கள் கண் அவரைவிட்டு நகரவில்லை. கேள்வி கேட்டார்கள். பெரிய சாரிடம் யாரும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

அதற்கு மறுநாள் காலையில் செயலாளர் அறையில் என்னைக் கூப்பிட்டார்கள். பிரின்ஸ்பால் தம்பி பக்கம் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷம் சும்மா உழைத்தவன் என்றார். செயலாளர் என்னைப் பார்த்து, நீ என்னய்யா சொல்றே என்றார். தம்பி என்று ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முந்தின நாள் சாயங்காலம் கண்ணுக்குள் நின்றது.

“முந்தாநேத்து பையனுங்க நாற்காலியப் பாத்தானுங்க சார். நேத்து ஆளப் பாத்தானுங்க.”

செயலாளர் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். இதத்தான்யா நான் தேடிக்கிட்டு இருந்தேன் என்று பிரின்ஸ்பாலிடம் அதையே இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். நாற்காலியை நான்தான் பழக்கதோஷத்தில் போட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். யார் போட்டா என்னய்யா, எடுக்கத் தெரியணுமில்ல என்று முடித்துவிட்டார். நான் கதவுக்குப் போனபோது பின்னாலிருந்து சொன்னார்: அவன்கிட்ட நீயே சொல்லிடு, உனக்குத்தானே பழக்கம்.

தொழிற்பேட்டைக்குப் போனபோது பதினோரு மணி இருக்கும். தம்பி சூளைக்குள் போகிற வண்டியில், இன்னும் சுடாத பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பாதியில் விட்டுவிட்டு வர முடியாத வேலை. பச்சை மண், விரல் அழுந்தினால் உடைந்துவிடும். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினான். சும்மா நிற்க முடியாமல் பலகையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். இரண்டு வரிசை முடிந்த பிறகு சொன்னேன். திருச்சிக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றேன். அறையில் நான் சொன்னதையும் சொன்னேன். அதை மறைத்துவிட்டு அங்கே நிற்க என்னால் ஆகவில்லை.

அவன் கை நிற்கவில்லை. சார் ஏதாவது சொன்னாரா என்று கேட்டான். இல்லை தம்பி, அன்றைக்கும் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானாகச் சொன்னதுதான் அது என்றேன்.

“தெரியும்ணே. சாரு அப்படியெல்லாம் பேசுற ஆளா? நீங்க சொன்னப்ப கேக்க நல்லா இருந்துது.”

நாற்காலியைப் போட்டது என் தப்பு என்றேன். அவன் ஒரு கட்டையை வாங்கி, விளிம்பைத் தடவிப் பார்த்து, அதன் இடத்தில் வைத்தான்.

“நீங்க போடலன்னாலும் நான் அங்கதாண்ணே நின்னிருப்பேன். வேற எடம் எனக்குத் தெரியாது.”

வண்டி நிறைந்தது. ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான், சூளை வாய் வரைக்கும் தள்ளினோம். முகத்தில் அனல் அடித்தது. ரெண்டாவது ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டதாகச் சொன்னான். மதியம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை, மைதானத்து நேரம் முழுக்க அதற்குள் போய்விடும். வர்ற திங்கட்கிழமையிலிருந்து. எப்போது கேட்டாய் என்றேன். அவனுடைய பயிற்சி நடந்த மறுநாள் காலையிலேயே சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டானாம். வூட்டுல சாயங்காலம் சும்மா உக்காந்திருக்க முடியாதுண்ணே என்றான்.

எனக்கு அங்கிருந்து கிளம்பவும் முடியவில்லை. மைதானத்தில் இனிமேல் நாலரை மணிக்கு வரப்போகிறவர் திருச்சிக்காரர், அவருக்கு நான்தான் பந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த வண்டி காலியாக வந்து நின்றது. தம்பி குனிந்து முதல் வரிசையைத் தொடங்கினான். நான் பலகைப் பக்கம் போய்க் கட்டையை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டான்.